முறை வைத்துக் கலங்கும் கடல்

"ஆட்டாம வைங்க சார். நாளைக்குக் காலையில பாருங்க, அதுவே தெளியும்" என்றார் படகுக்காரர்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. தங்கச்சிமடத்தின் வடகரையில் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு லிட்டர் பாட்டிலில் கடலை மொண்டிருந்தேன். கேழ்வரகுக் கூழில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்த நிறம். பாட்டிலுக்குப் பின்னால் கையை வைத்தால் விரல் தெரியவில்லை. ராமேஸ்வரத்தில் தங்கியிருந்த அறையின் ஜன்னலோரம் அதை வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தபோது அடியில் காகிதக் கனத்துக்கு ஒரு படலம் படிந்திருந்தது. மேலே இருந்த தண்ணீர் அரிசி களைந்த கழுநீரைப் போல வெளுத்திருந்தது. மூன்றாம் நாள்தான் பாட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஜன்னல் கம்பிகளை எண்ண முடிந்தது.

ஒரு பாட்டில் உயரம் தெளிய மூன்று நாள். வெளியே கிடக்கும் பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 9 மீட்டர் அளவில் இருக்கிறது. அதை ஆட்டாமல் பிடித்து வைப்பார் யாரும் இல்லை.

அந்த ஒரு வருடத்தில் நான்கு முறை ராமேஸ்வரம் தீவுக்குப் போனேன். மார்கழி, பங்குனி, ஆடி, ஐப்பசி. கோயிலுக்கும் போனேன், ஆனால் போனது தண்ணீரைப் பார்க்க. ஒரே இடத்தில் ஒரே கடல் எப்போது தெளிகிறது, எப்போது கலங்குகிறது, அங்கே பிழைக்கிறவர்கள் அதை எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

மண்டபத்திலிருந்து பஸ் பாம்பன் பாலத்தில் ஏறும்போது இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. 1760-களில் சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயரை ஏட்டில் சுமக்கும் கடல் இந்த ஊர்க்காரர் வாயில் வெறும் வடகடல்தான். அந்தப் பக்கத்தது தென்கடல். பெண் கடல், ஆண் கடல் என்றும் சொல்வதுண்டு. வடகடல் அமைதியானதாம், தென்கடல் முரட்டுக் கடலாம். சுற்றுலா வருகிற எல்லோருக்கும் வழிகாட்டிகள் இதைச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த மார்கழிக் காலையில் நான் கண்டது நேர்மாறு. இடப்பக்கம் மண்நிறத்தில் நுரை தள்ளி அலை மேல் அலையாக வந்து பாலத்தூணில் மோதிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் இளம்பச்சையில் பட்டுப் போலக் கிடந்தது. அடியில் இருந்த பாறைத் திட்டுகள் கரும்புள்ளிகளாகப் பாலத்தின் மேலிருந்தே தெரிந்தன. ஆண், பெண் என்ற பெயர் தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் காலத்தில் வந்து பார்த்தவர் வைத்ததாக இருக்க வேண்டும். பாதி வருடத்துக்குத்தான் அது பொருந்தும்.

காற்றுதான் இதற்கெல்லாம் காரணம். ஐப்பசியில் தொடங்கி தை, மாசி வரை வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான். நடுவே கொண்டல் கொஞ்ச நாள் தலைகாட்டும். வாடை வடகடலைத் தாக்கும்போது தீவும் நிலமும் குறுக்கே நின்று தென்கடலுக்கு மறைப்பாகின்றன. கச்சான் அடிக்கும்போது முறை மாறுகிறது. ஒன்று கலங்கும் காலத்தில் மற்றொன்று தெளிந்து கிடக்கும். ஒன்றரை மணி நேர நடையில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்விடக்கூடிய தூரத்தில், இரண்டு கடல்கள் இப்படி முறை வைத்துக் கலங்கும் இடம் நம் நாட்டில் வேறெங்கும் இருப்பதாக நான் அறியேன்.

தென்கடலின் ஆழம் தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டரையும் தாண்டும். வடகடலோ எங்கே இறங்கினாலும் ஒரு தட்டுதான். பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. அதனால் அதன் கலக்கத்துக்குத் தனி இயல்பு. காற்று எழுப்பும் அலையின் ஆட்டம், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரத்தில் பாதி ஆழம் வரை எட்டும். ஆழ்கடலில் அந்த ஆட்டம் நடுத்தண்ணீரிலேயே ஓய்ந்துவிடுகிறது. வடகடலில் முகடுக்கு முகடு 20 மீட்டர் இருந்தாலே போதும், அடிமண்ணை அள்ளிவிடும். அப்படி எழும்பிய மண்ணில் மணல் உடனே கீழே விழுந்துவிடும். வண்டல் சில மணி நேரத்தில் இறங்கும். களி மட்டும் எளிதில் இறங்காது. இரண்டு மைக்ரான் அளவுள்ள ஒரு களித்துகள் அசைவற்ற தண்ணீரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இறங்கும். 9 மீட்டர் இறங்க ஒரு மாதம். உப்புத் தண்ணீரில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு சற்று வேகமாக இறங்குவதுண்டு. ஆனாலும் முதல் காற்றில் எழுந்தது படிவதற்குள் அடுத்த காற்று வந்துவிடும். வாடைக்காலம் முழுக்க வடகடல் தெளியாமல் இருப்பதற்கு இதுதான் கணக்கு.

இதோடு வங்கக் கடலிலிருந்து தெற்கு நோக்கி வரும் நீவாடும் சேர்கிறது. நீவாடு என்றால் நீரோட்டம். கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் கொட்டிய மழைத்தண்ணீரால் உப்புக் குறைந்த கடல்நீர், கிழக்குக் கரையோரமாக இறங்கி, கோடிக்கரையைச் சுற்றி, பாக் நீரிணை வழியே உள்ளே வருகிறது. வந்தது தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவிலுள்ள மணல் திட்டுகளின் இடைவெளி வழியாகவும் பாம்பன் கால்வாய் வழியாகவும் தென்கடலுக்குள் வடிகிறது. கச்சான் காலத்தில் இதே வழியில் எதிர்த்திசையில் ஓடும்.

அந்த மார்கழியில் படகுக்காரர் என்னைத் தன் வத்தையில் ஏற்றிக்கொண்டு கரையோரமாகக் கொஞ்ச தூரம் போனார். கையோடு ஒரு வெள்ளைத் தட்டு கொண்டுபோயிருந்தேன். நடுவில் கயிறு கோத்து, கீழே ஈயக்குண்டு கட்டியது. 1865-இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், போப்பின் கப்பலில் மத்தியதரைக் கடலுக்குப் போய் இப்படித்தான் வெள்ளைத் தட்டுகளை இறக்கி, அவை கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டார். இன்றும் உலகெங்கும் கடல் ஆய்வாளர்கள் அவர் பெயராலேயே அந்தத் தட்டை அழைக்கிறார்கள்.

நான் தட்டை இறக்கினேன். கயிறு அரைப் பாகம்கூட நழுவவில்லை, தட்டு மங்கி மறைந்துவிட்டது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். இந்தக் கரையில் ஆழத்தை அப்படித்தான் அளக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் கிழக்கே போனதும் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தி, "இங்க போட்டுப் பாருங்க" என்றார். அதே காற்று, அதே அலை. தட்டு ஒரு பாகத்துக்கு மேல் இறங்கியும் தெரிந்தது. "கீழ தாழை கெடக்கு சார். தாழை இருந்தா மண்ணு எந்திரிக்காது."

தாழை என்று அவர் சொன்னது கடற்புல். பாசி வேறு, இது வேறு. வேரும் தண்டும் பூவும் உள்ள செடி. இலைகள் அடித்தண்ணீரின் வேகத்தைத் தணிக்கின்றன, வேர்கள் மண்ணைப் பின்னிப் பிடிக்கின்றன. ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு அதுதான் மேய்ச்சல். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை ஆவுளியாவுக்கான காப்பகமாக அரசு அறிவித்தது. அந்த விலங்கைக் காப்பது என்பது இந்தப் புல்லைக் காப்பது; புல்லைக் காப்பது வடகடலின் தெளிவைக் காப்பது. தெளிவு குறைந்தால் வெளிச்சம் அடிக்கு எட்டாது, புல் அழியும். புல் அழிந்தால் மண் இன்னும் எழும்பும். எந்த நுனியில் அறுந்தாலும் மற்றது கூடவே போகும்.

பங்குனியில் மறுபடி போனபோது பாலத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது. வாடை ஓய்ந்து, கச்சான் எழும்பாத இடைவெளி அது. காற்றே இல்லை. வடகடலில் அதே இடத்தில் தட்டை இறக்கினேன். இரண்டு பாகம் போய்த் தரையில் உட்கார்ந்த பிறகும் அதன் விளிம்பு தெரிந்தது. பக்கத்தில் ஒரு நண்டு ஓடியதும் தெரிந்தது.

கடலைத் தாண்ட நினைத்தவர்கள் காலங்காலமாக இந்த இடைவெளியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வல்வெட்டித்துறை நவரத்தினசாமி 1954-இல் மார்ச் மாதம் கோடிக்கரைக்கு நீந்தி வந்தார். மிஹிர் சென் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். தென்கடலில் முத்துக் குளித்த காலமும் இதுவே. பார் என்று சொல்லப்படும் சிப்பிப் படுகையில் மூழ்குகிறவர், ஒரு மூச்சுக்குள் சிப்பியைக் கண்ணால் கண்டு அள்ள வேண்டும். தண்ணீர் கலங்கினால் அந்த மூச்சு வீண். அரசு நடத்திய முத்துக்குளிப்பு இந்தப் பக்கம் 1961-உடன் நின்றுபோனது. கண்ணை நம்பி மூழ்குகிறவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

அவர்களைப் பார்க்கத்தான் சின்னப்பாலம் போனேன். பாம்பனுக்குத் தெற்கே, கடலை ஒட்டிய குடியிருப்பு. இங்குள்ள பெண்கள் பாசி எடுப்பவர்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்கு அதுதான் வேலை. விடியற்காலையில் வள்ளத்தில் கூட்டமாகப் போவார்கள். புடவையின் மேல் ஆண்பிள்ளைச் சட்டை, இடுப்பில் வலைப்பை, காலில் ரப்பர் செருப்பு நழுவாமல் இருக்கக் கயிற்றுக்கட்டு. விரல் ஒவ்வொன்றிலும் கிழிந்த துணியை நாடாவாகச் சுற்றியிருப்பார்கள். கண்ணில் நீச்சல் கண்ணாடி. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா, வெயிலில் பாசியைப் பரப்பியபடியே என்னோடு பேசினார். விரல் நுனிகளில் ரேகையே இல்லை. வெள்ளையாகத் தேய்ந்து, குறுக்கும் நெடுக்கும் கீறல்.

"கலக்குத் தண்ணின்னா எப்படிக்கா எடுப்பீங்க?"

"எடுக்க மாட்டோம் தம்பி. தடவித்தான் எடுக்கணும், தடவுனா கையப் பாறை கிழிச்சுரும். முள்ளு குத்தும். தண்ணி தெளிஞ்சிருந்தா மேல இருந்தே மரிக்கொழுந்து தெரியும். நேரா இறங்கி ஒரே பிடி."

மரிக்கொழுந்து பாறையில் முளைக்கும் குட்டைப் பாசி. அகார் எடுக்க மதுரைப் பக்கம் போகிறது. கட்டக்கோரை ஆளுயரம் வளர்ந்து அலையில் ஆடும், அதிலிருந்து ஆல்ஜினேட். கஞ்சிப்பாசி மணலும் சேறும் கலந்த அடியில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தெளிவு வேண்டும் என்று அந்த அக்கா கணக்குச் சொன்னார். கட்டக்கோரை உயரமாக நிற்பதால் கொஞ்சம் கலங்கினாலும் பரவாயில்லை. மரிக்கொழுந்துக்குக் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். முதல் நாள் மாலையே கரையில் நின்று நீவாட்டைப் பார்த்து, மறுநாள் வடகடலா தென்கடலா என்று முடிவுசெய்கிறார்கள். இரண்டும் கலங்கினால் அடுப்பு எரிவது கஷ்டம். சம்பளமில்லாத அந்த நாட்களை "கடல் மூடிக்கிச்சு" என்று அவர் சொன்னார். கடையை மூடினார்கள் என்பது போல, அவ்வளவு சாதாரணமாக.

அவர்கள் இறங்கும் தென்கடல் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. போகலாமா கூடாதா என்ற வழக்கு அவர்கள் வாழ்க்கையில் தீராமல் நீள்கிறது. சித்திரை, வைகாசியில் பாசி வளரட்டும் என்று அவர்களாகவே ஒன்றரை மாதம் கடலில் இறங்காமல் இருப்பதையும் சொல்ல வேண்டும். விடுப்பு விட்டால்தான் வளரும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்ததல்ல.

தெளிந்த தண்ணீர் என்றாலே நல்ல தண்ணீர் என்று நினைத்துத்தான் நானும் வளர்ந்தேன். பவளப் பாறைகளைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. பங்குனி, சித்திரையில் காற்றில்லாத தெளிந்த கடலில் வெயில் தடையின்றி அடிவரை இறங்குகிறது, தண்ணீரும் சூடேறுகிறது. சூடும் வெளிச்சமும் சேர்ந்து அழுத்தும்போது, பவள உயிரி தன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் கொடுப்பதும் உணவு கொடுப்பதும் அந்தப் பாசிதான். பவளம் சுண்ணாம்பாக வெளுக்கிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது. அந்த மாதங்களில் சற்றுக் கலங்கிய தண்ணீர் பவளத்துக்குப் பந்தல் போல நிழல் தரும். அளவுக்கு மீறினால் அதே மண் மேலே படிந்து மூச்சடைக்கும். பவளம் கோழையைச் சுரந்து மண்ணைத் தள்ளித் தள்ளியே இளைத்துப்போகும்.

படகுக்காரரும் வேறு காரணத்துக்காகக் கலங்கலைக் குறை சொல்வதில்லை. "தண்ணி ரொம்பத் தெளிஞ்சா மீனு வலையப் பாத்துரும் சார். நிலா வெளிச்சம் வேற இருந்துச்சுன்னா சுத்தமா கெடையாது. கொஞ்சம் கலக்கு இருக்கணும். வாடைக் கலக்குலதான் இறாலு ஏறும்." தங்கூசி என்ற நைலான் நரம்பு வலை வந்த பிறகு தெளிந்த நீரிலும் ஓரளவு மீன் ஏமாறுகிறது என்றார். ஆக, ஒரே தெருவில் அக்காவுக்குத் தெளிவு வேண்டும், அவருக்குக் கலக்கு வேண்டும். கடல் இரண்டையும் முறை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இருவருக்கும் வேண்டாத கலக்கு ஒன்று உண்டு. அதற்குக் காற்றும் கிடையாது, மாதமும் கிடையாது. இழுவை மடி கட்டிய விசைப்படகு கடலடியை வாரிக்கொண்டு போகும்போது எழும்பும் மண் அது. வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு இந்தக் கரையில் நெடுங்காலமாக உண்டு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலமும் உண்டு. "மடி இழுத்த மறுநாள் பாருங்க, பங்குனியிலயும் மார்கழித் தண்ணியா கெடக்கும்" என்று அவர் சொன்னபோது குரல் மாறிவிட்டது. தாழையையும் அது பிடுங்கிக்கொண்டு போகிறது. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களும் இதே ஊர்ப் பிள்ளைகள் என்பதால் அவர் அதற்கு மேல் பேசவில்லை. எனக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. வாடை கலக்கினால் மாசியில் தெளியும் என்று புல்லுக்கும் பவளத்துக்கும் மீனுக்கும் பழக்கம் இருக்கிறது. ஓய்வே கொடுக்காத கலங்கலுக்கு எந்த உயிரும் பழகியதில்லை. சேதுக் கால்வாய்க்காக இந்தக் கடலை 12 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டுவதாக 2005-இல் வேலை தொடங்கியபோது கரையோர மக்கள் பயந்ததில் இந்தப் பயமும் ஒன்று.

ஆடியில் போனபோது பாலத்தில் நிற்கவே முடியவில்லை. கச்சான் வலப்பக்கமிருந்து முகத்தில் அறைந்தது. இப்போது தென்கடல் பழுப்பாகப் பொங்கியது, வடகடல் குளம் போல. தனுஷ்கோடிச் சாலையில் மணல் பறந்து ஆட்டோவின் கண்ணாடியில் சரசரத்தது. அரிச்சல்முனையில் தென்பக்க அலை ஓங்கி உடைய, சாலையைத் தாண்டி வடபக்கம் போனால் கணுக்கால் தண்ணீரில் பொடிமீன்களின் நிழல் மணலில் ஊர்ந்தது.

ஆடி அமாவாசையன்று அக்னி தீர்த்தத்தில் கூட்டம் நெருக்கியது. காற்று தீவின் முதுகில் அடிப்பதால் கிழக்குப் பார்த்த அந்தத் துறை அசையாமல் கிடந்தது. முங்கி எழுந்த ஒரு பெரியவர், தை அமாவாசைக்கு வந்தபோது தண்ணீர் சேறாக இருந்தது என்றும் இப்போது யாரோ சுத்தம் செய்திருக்கிறார்கள் என்றும் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காற்றின் கதையை அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் கடலையே பார்த்துவிட்டு, "அப்ப தையில வந்தாத்தான் கலங்கின தண்ணி. சரி, ரெண்டையும் பாத்தாச்சு" என்று மறுபடி முங்கினார்.

கச்சான் தணியும் புரட்டாசியில் தென்கடலில் சில வருடம் இன்னொரு நிறம் வரும். பச்சை. மண்ணால் வருவதல்ல. ஊர்க்காரர்கள் பூங்கோரை என்பார்கள். நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் கோடிக்கணக்கில் பெருகுவது. அது மடிந்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. 2019 செப்டம்பரில் அப்படிப் பெருகியபோது மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின, பவளமும் மாண்டது. அந்த நாட்களைச் சொல்லும்போது சின்னப்பாலத்து அக்கா கையால் மூக்கைப் பொத்திக் காட்டினார்.

கடைசியாக ஐப்பசி. மழை இன்னும் பிடிக்கவில்லை; வடக்கே மேகம் கட்டியிருந்தது. தனுஷ்கோடியில் ஒரு குடும்பம் வடகரையிலிருந்து தென்கரைக்கு மாறிக்கொண்டிருந்தது. வாடை வரும் முன் மாறுவார்கள். கச்சான் வரும் முன் திரும்புவார்கள். கீற்று, கம்பு, பானை, ஐஸ்பெட்டி, சுருட்டிய வலை எல்லாம் ஒரு சின்ன வண்டியில் ஏறியிருந்தன. எஞ்சினை இரண்டு பேர் கழியில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். வத்தையை அந்த வீட்டுப் பெரியவர் கடல் வழியாக முனையைச் சுற்றிக் கொண்டுவரப் போனார்.

நான் பாட்டிலோடு வடகரைக்கு இறங்கினேன். தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. கரையிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி மட்டும் ஒரு மங்கல் கோடு, வடக்கிலிருந்து தெற்காக நீண்டிருந்தது. வண்டியின் பின்னால் பானையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் என்னைப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணே, இப்பவே மொண்டுக்கங்க. ராத்திரிக்கு வாடை வந்துரும்!"